டயாலிசிஸ் பிரிவிலிருந்து வீட்டு மேசைக்கு: செவிலியர் பணியை விட்டபின் என் அனுபவம்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் பதினோரு ஆண்டுகள் செவிலியராக இருந்தேன். ஒவ்வொரு நோயாளியையும் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடை பார்க்க வேண்டும். எழுந்து நிற்க முடியாதவர்களைத் தாங்கிப் பிடித்தே எடை இயந்திரத்தில் ஏற்றுவோம். அப்படியே என் இடுப்பில் டிஸ்க் விலகியது. இனி பாரம் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்ன நாளில், எனக்கு வேறு எந்த வேலை தெரியும் என்று நினைத்து அழுதேன்.

இப்போது அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள ஒரு சிறுநீரக மருத்துவரின் கிளினிக்கிற்கு, சென்னை நிறுவனம் ஒன்றின் வழியாக, வீட்டிலிருந்தே நிர்வாக உதவிப் பணி செய்கிறேன். முன்பதிவுகளைக் குறிப்பது, காப்பீட்டு நிறுவனத்திடம் முன் அனுமதி கேட்பது, படிவங்களுக்கு மருத்துவரின் கையெழுத்தை வாங்குவது ஆகியவை என் பொறுப்பு. அங்கே காலை எட்டு மணி என்றால் கோடையில் நமக்கு மாலை ஐந்தரை, குளிர்காலத்தில் ஆறரை. தொடக்கச் சம்பளம் மருத்துவமனையில் வாங்கியதைவிடக் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இந்த வேலைக்கு ஆங்கிலமும் தட்டச்சு வேகமும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்குக் கைகொடுத்தது, நோய் நகரும் விதம் தெரிந்திருந்ததுதான். நிரந்தரச் சிறுநீரகச் செயலிழப்பு உறுதியாகி டயாலிசிஸ் தொடங்கிய ஒருவருக்கு 2728 என்ற எண்ணுள்ள படிவத்தை 45 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரில் அவருக்குள்ள உரிமை அதைச் சார்ந்தது. மையத்துக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அந்தக் காப்பீடு பெரும்பாலும் நான்காவது மாதத்தின் முதல் நாளில்தான் தொடங்கும் என்பதால், அதுவரை செலவை யார் ஏற்பார் என்ற கேள்வி ஒவ்வொரு குடும்பத்தையும் வாட்டுகிறது. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஊசியோடு படுத்திருப்பவர்களின் அருகிலேயே இருந்த எனக்கு, அந்தப் படிவம் வெறும் தாளாகத் தெரிவதில்லை.

முதல் மாதத்தில் ஒரு தவறு செய்தேன். ஒரு நோயாளியின் ஃபிஸ்டுலாவில், அதாவது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் இரத்தக் குழாய்களை இணைத்த இடத்தில், இரத்தம் ஓடும் அதிர்வு குறைந்துவிட்டதாகவும், 03/05 அன்று ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றும் மருத்துவர் பிப்ரவரியில் குறித்திருந்தார். அங்கே மாதத்தைத்தான் முதலில் எழுதுவார்கள். நானோ நம் வழக்கப்படி மே 3 என்று படித்து, அந்த நாளுக்குப் பதிவு செய்துவிட்டேன். இரண்டு நாட்களில் கிளினிக் மேலாளர் கண்டுபிடித்து மார்ச் 5-க்கு மாற்றினார். அதிர்வு குறைந்த ஃபிஸ்டுலாவை இரண்டு மாதம் பார்க்காமல் விட்டால் அது அடைத்துப்போகலாம் என்பதை விரல் வைத்துத் தொட்டே அறிந்தவள் நான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அதன்பிறகு எந்தத் தேதியானாலும் மாதத்தின் பெயரை எழுத்தால்தான் எழுதுகிறேன்.

மறுமொழி:

வணக்கம் அக்கா. நான் திருநெல்வேலியில் ஆறு ஆண்டுகள் ஆய்வக நுட்பநராக இருந்துவிட்டு, சென்ற ஆண்டு இதே துறைக்கு வந்தேன். வேலைக்கு முன் பயிற்சிக் கட்டணம் என்று 15,000 ரூபாய் வாங்கிய ஒருவர் பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை. பணம் கேட்கும் இடத்தை நம்ப வேண்டாம் என்று புதிதாக வருபவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் தனி அறை இல்லாததும் எனக்குப் பெரிய சிக்கலாக இருந்தது. நோயாளியின் விவரம் திரையில் இருக்கும்போது வீட்டார்கூடப் பார்க்கக் கூடாது என்பதால், மாடியில் தகரக் கூரை போட்டு ஓர் அறை கட்டினோம். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தொலைபேசியில் நோயாளி தன் உடல்நிலையைச் சொல்லும்போது, தெரிந்தும் பதில் சொல்லாமல் எப்படி இருக்கிறீர்கள்?

மறுமொழி:

தம்பி, இந்த வேலையில் எனக்கு மிகக் கடினமானது அதுதான். ஒரு வெள்ளிக்கிழமை முதியவர் ஒருவர் முன்பதிவை மாற்றுவதற்காக அழைத்தார். பேச்சுக்கு நடுவில், புதன்கிழமை டயாலிசிஸுக்குப் போகவில்லை என்றும், இரவு படுத்தால் மூச்சு முட்டுவதால் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னார். நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம் என்று எனக்கு உடனே தோன்றியது. ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் மூச்சு வாங்குவதும் கேட்டது. ஆனால் அந்த நாட்டில் எனக்குச் செவிலியர் உரிமம் கிடையாது. என்ன நோய் என்றோ, என்ன செய்யலாம் என்றோ நான் சொல்லக் கூடாது. இணைப்பைத் துண்டிக்க வேண்டாம் என்று மட்டும் அவரிடம் கேட்டுக்கொண்டு, பணியிலிருந்த செவிலியரை அதே அழைப்பில் சேர்த்து, அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே சொன்னேன். அந்தச் செவிலியர் உடனே ஆம்புலன்ஸை வரவழைத்தார். பிறகு, அழைப்பு வந்த நேரத்தையும், அவர் சொன்னதையும், செவிலியர் இணைந்த நேரத்தையும், மதுரையில் ஷிப்ட் மாறும்போது எழுதிவைப்பதைப் போலவே ஒன்றுவிடாமல் பதிவு செய்தேன். திங்கட்கிழமை அவருடைய கோப்பைத் திறந்தபோது, மருத்துவமனையில் டயாலிசிஸ் முடித்து வீடு திரும்பிவிட்டார் என்ற குறிப்பு இருந்தது. அவர் மாற்றக் கேட்டிருந்த முன்பதிவை அப்போதுதான் மாற்றிக் கொடுத்தேன்.