பை வார் அறுத்த தோள்

குழு: தருமபுரி சொந்தங்க

நான்: மாமா, நேத்து ராயக்கோட்டை மலை ஏறி இறங்கினோம். பை வார் அறுத்து ரெண்டு தோளும் செவந்து கெடக்கு. இடுப்புக்கு மேல தோல் உரிஞ்சிருச்சு, தண்ணி பட்டா எரியுது. அடுத்த மாசம் குத்திராயன் மலை ஏறறதுக்கும் பேரு குடுத்திருக்கேன்

அத்தை: ஐயோ சாமி. சீழ் வெச்சிருக்கா பாரு கண்ணு

நான்: இல்லைங்கத்தை. ஒரு எடத்துல மட்டும் நீர் கோத்திருக்கு

அத்தை: கொப்புளத்தக் குத்தாத. சோப்பு போட்டு மெதுவா கழுவி, துணியால ஒத்தி எடு, தேய்க்காத. உரிஞ்ச எடத்துல வாசலின் தடவி மேல சுத்தமான காஸ் துணி வை. பவுடர் வேண்டாம். செவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டர்கிட்ட போயிடணும்

மாமா: பை எத்தன கிலோ? நீ எத்தன கிலோ?

நான்: நான் 58. பைய இப்பத்தான் நிறுத்துப் பாத்தேன், 11 கிலோ. தண்ணியே 4 லிட்டர்

மாமா: ஒரு நாள் நடைக்கு உடம்பு எடையில பத்துல ஒரு பங்குன்னு கணக்கு. உனக்கு 6 கிலோ. ராத்திரி தங்கற மாதிரி போனாத்தான் அஞ்சுல ஒரு பங்கு வரைக்கும் தூக்கலாம். நீ அந்தச் சொமைய ராயக்கோட்டைக்கே தூக்கியிருக்க

மாமா: இடுப்பு பெல்ட் போட்டியா?

நான்: போட்டேன் மாமா, வயித்துக்கு மேல

மாமா: அங்கதான் தப்பு. ஆயா கெணத்துல இருந்து தண்ணிக் கொடத்த எங்க வெச்சுத் தூக்கிட்டு வந்துச்சு? இடுப்பு எலும்பு மேல. தோளுக்கு அந்தத் தாங்குசக்தி கெடையாது. முதல்ல எல்லா வாரையும் தளத்திடு. பெல்ட்டு அந்த எலும்பு மேல ஒக்காரணும், அத இறுக்கு. அப்புறம் தோள் வார், பை முதுகோட ஒட்டற அளவுக்கு மட்டும். நெஞ்சு வார் கடைசில, மூச்சு முட்டாம. எடை முக்காவாசி இடுப்புக்கு எறங்கிடும்

மாமா: தண்ணி பாட்டில ரெண்டு பக்கப் பையிலயும் சமமா வை, இல்ல உள்ள முதுக ஒட்டி நடுவுல வை. வெளிப்பக்கம் கனம் இருந்தா பை பின்னால இழுக்கும், ஒவ்வொரு அடிக்கும் ஆடும். ஆடற பைதான் தோல உரிக்கும்

அக்கா (ஓசூர்): என்ன சட்டை போட்டிருந்தடா?

நான்: காட்டன் டீசர்ட், ஜீன்ஸ்

அக்கா (ஓசூர்): காட்டன் வேர்வையக் குடிச்சு ஈரமாவே இருக்கும். ஊறின தோல் சீக்கிரம் உரியும். வேர்வை காஞ்சா உப்பு மணல் மாதிரி உரசும். விளையாட்டுக்குப் போடற பாலியஸ்டர் டீசர்ட் போடு, தோள் மேல தையல் வராததா பாத்து வாங்கு. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். அதோட தடிச்ச பட்டி மேல பை பெல்ட் அழுத்தித்தான் இடுப்பு உரிஞ்சிருக்கும். டிராக் பேண்ட் போதும்

ஆயா (வாய்ஸ் மெசேஜ், அத்தை எழுதினது): சும்மாடு இல்லாம சொமை தூக்கலாமா சாமி? வாருக்கு அடியில ஒரு துண்ட மடிச்சு வெச்சுக்கோ

மாமா: அம்மா சொல்றது தலைச் சொமைக்குச் சரி. வாருக்கு அடியில துண்டு வெச்சா நடக்க நடக்கச் சுருண்டு, அந்தச் சுருக்கமே அறுக்கும். வாரோட ஒட்டிக்கற பஞ்சு உறை போடலாம்

அக்கா (ஓசூர்): கெளம்பறதுக்கு முன்னாடியே உரசற எடத்துல வாசலின் தடவிக்க. வழியில லேசா எரிஞ்சாலும் உடனே நில்லு, வார நவுத்து, ஈரத்தத் தொடச்சிடு. நாம பொறுத்துக்கற அந்த அரை மணி நேரத்துலதான் தோல் போகுது

மாமா: தோல் ஆறற வரைக்கும் பையத் தொடாத. ஆறினதும் 6 கிலோவோட வீட்டு மாடிப்படியில ஏறி எறங்கிப் பாரு

நான்: சரிங்க மாமா. இப்ப வெறும் பையப் போட்டு பெல்ட்ட எலும்பு மேல வெச்சுப் பாத்தேன். தோள் வாருக்கு அடியில கை முழுசா போகுது

மாமா: அவ்ளோ எடைவெளி ஆகாது, பையோட முதுகுப் பக்கத்து ஒசரம் உன் முதுகுக்குச் சரியில்ல. பக்கவாட்டுல நின்னு ஒரு போட்டோ அனுப்பு