மறுமொழி: புல்லு மெசினில நிக்கிற அந்த இரும்பு, 'கவிழ்வுக்காப்பு' எண்டு வைப்பமோ

வணக்கம்,

வந்த மடல் எல்லாத்தையும் வடிவா வாசிச்சனான். எங்கட மைதானத்தில ஏறி இருந்து ஓட்டிற புல்லு வெட்டிற மெசினில, பிரண்டா ஆளைக் காக்கிறதுக்குச் சீற்றுக்குப் பின்னால நிமிந்து நிக்கிற அந்த இரும்புக்கு (இங்கிலிசில ROPS எண்டுறது), ஸ்ரிக்கரில போடத் தமிழில என்ன பேர் எண்டு தொடங்கின கதை, இப்ப அந்த இரும்பே எங்களுக்குத் தேவையோ, கழட்டி வைச்சா என்ன எண்டதில வந்து நிக்குது. ரண்டும் வேற வேற கதை, பிரிச்சு எழுதுங்கோ எண்டு ரீச்சர் சொல்லியிருந்தா. எனக்கு அப்பிடிப் படேல்லை. பேர் சரியா இல்லாதபடியாத்தான் கழட்டிற யோசினையே வருது, ஆனபடியா சேத்தே எழுதிறன், கொஞ்சம் நீளும்.

> 'உருள்தடுப்புக் கம்பி' எண்டு வைப்பம். சின்னச் சொல், சனத்துக்கு உடன விளங்கும்.

ஐயா, உடன விளங்கும்தான், ஆனா மாறி விளங்கும். அந்த இரும்பு மெசின் உருளுறதைத் தடுக்கிறேல்லை. வாய்க்கால் கரையில ஒரு ரயர் இறங்கினா இரும்பு நிண்டாலும் மெசின் பிரளும், இல்லாட்டிலும் பிரளும், உண்மையைச் சொன்னா அவ்வளவு பாரம் மேல நிக்கிறதால புவியீர்ப்பு மையம் கொஞ்சம் உயரவும் செய்யும். அதின்ர வேலை தொடங்கிறதே மெசின் பிரளத் தொடங்கின பிறகுதான். பின்பக்கமாவோ பக்கவாட்டிலயோ சாயேக்க ஓடுற ஆளின்ர தலைக்கு முந்தி இரும்பு போய் நிலத்தில முட்டும், முட்டி நெளிஞ்சு அந்த அடியைத் தான் வாங்கும், அநேகமா மெசினை 90 பாகையோட நிப்பாட்டிப்போடும், அதையும் தாண்டிப் பிரண்டாக்கூட சீற்றைச் சுத்தி ஒரு ஆள் நசியாமல் இருக்கிற அளவு இடம் மிஞ்சும். 'தடுப்பு' எண்டு ஸ்ரிக்கர் ஒட்டிவிட்டா ஓடுற பெடியன் இது நிக்குதுதானே, மெசின் பிரளாது எண்டு நம்பிக் குளக்கட்டில ஏத்துவான். உயிரைக் காக்க வைச்ச சாமானின்ர பேரே ஆளைக் கொண்டுபோய் விழுத்தப்படாது.

> யாழ்ப்பாணத்தில மலை எங்க கிடக்கு? மைதானம் தட்டு மாதிரி. கொப்பு வேற இடிக்குது. கழட்டி ஸ்ரோருக்க வைச்சா அலுப்பில்லை.

அண்ணை, எங்கட குடாநாட்டில மலை இல்லை, ஒத்துக்கொள்ளுறன். ஆனா மெசின் பிரளுறதுக்கு மலை வேண்டாம், ஒரு விளிம்பு காணும். எங்கட மைதானங்களின்ர ஓரத்தை ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ. வெள்ள வாய்க்கால், மதகு, மதிலுக்குப் போட்ட அத்திவாரக் கிடங்கு, கட்டு இடிஞ்ச பழைய கிணறு, மாரியில ஊறிப்போன வரம்பு. புல்லு வெட்டிறவன் நடுவில நிண்டு வெட்டிறதில்லை, ஓரத்திலதான் கனக்க நேரம் நிப்பான், அங்கதான் புல்லும் உயரமா நிண்டு கிடங்கை மறைக்கும். அதோட மெசினைப் பட்டா லொறியில ஏத்தி இறக்கேக்க ரண்டு பலகையைச் சாத்தித்தானே ஏத்தினம், அந்தப் பலகை எந்த மலையை விடவும் செங்குத்து, ஒண்டு வழுக்கினா மெசின் ஆளுக்கு மேலதான் வரும். இருந்த இடத்தில சுத்திற சாதி மெசினில இன்னொரு பயமும் இருக்கு. அதுக்குப் பின்ரயர் ரண்டும்தான் ஸ்ரியறிங்கும் பிறேக்கும், முன்னால நிக்கிறது சும்மா உருளுற சின்னச் சில்லு, அப்ப ஈரப் புல்லில பின்ரயர் பிடிமானம் விட்டா பிறேக்கும் இல்லை, திருப்பவும் ஏலாது.

கொப்பு இடிக்கிறது உண்மை. நானும் போய்ப் பாத்தனான். வந்திருக்கிறது மடக்கிற சாதிதான், கழட்டத் தேவையே இல்லை. கறுப்புப் பெயின்ற் அடிச்ச சதுரப் பைப், இருந்தால் தோளளவில ரண்டு பக்கமும் பிணைச்சல், ஒவ்வொரு பிணைச்சலுக்குள்ளயும் கட்டைவிரல் தடிப்பில ஒரு பின், பின் கழராமல் இருக்க வளைஞ்ச கிளிப். வலப்பக்கக் கிளிப்பைக் காணேல்லை, கட்டுக்கம்பி முறுக்கி விட்டிருக்கினம். சீற் பெல்ற்றைப் பின்னால கொண்டுபோய் ஒரு முடிச்சுப் போட்டு வைச்சிருக்கினம், வெயில் பட்டு இறுகி, இழுத்துப் பாத்தன், அவிழேல்லை. பெல்ற்றின்ர கொழுக்கிக்குள்ள காஞ்ச புல்லு அடைஞ்சு கிடக்கு. எனக்கு அந்த இரும்பை விட இந்த முடிச்சுத்தான் கவலையாக் கிடக்கு.

ஏன் எண்டா இரும்பும் பெல்ற்றும் ஒரு சோடி. இரும்பு நிமிந்து நிக்குது, பெல்ற் போடேல்லை எண்டால், மெசின் சாயேக்க ஆள் சீற்றால எறிபட்டு வெளியில விழுவான், மேல வாறது அதே இரும்பு. நாடி வார் பூட்டாமல் ஹெல்மெற்றைத் தலையில வைச்சுக்கொண்டு போற மாதிரித்தான் அது. மாறி, இரும்பை மடக்கி வைச்சுக்கொண்டு பெல்ற் போட்டா அதுவும் ஆபத்து, தலைக்கு மேல காவல் ஒண்டும் இல்லாமல் ஆளை மெசினோட கட்டி வைச்ச கணக்காப் போயிடும். நிமிர்த்தினால் பெல்ற், மடக்கினால் பெல்ற் இல்லை. உற்பத்திக்காரர் தாற கையேடுகளில உதைத்தான் திருப்பித் திருப்பி எழுதியிருப்பினம். மரத்துக்குக் கீழ போகேக்க மட்டும் மடக்கி, மெதுவா வெட்டி, வெளியில வந்த உடன நிமிர்த்திப் பின் போடுறது. அதுக்கு ஒரு நிமிசம்கூடச் செல்லாது. இல்லையெண்டால் அந்த மரத்துக்குக் கீழ கையால பிடிக்கிற மெசினால வெட்டுங்கோ, அதுதான் இன்னும் நல்லது.

இது பயப்படுத்திறதுக்கு எழுதிறேல்லை. சுவீடனில 1959இல புது ரக்ரர் எல்லாத்துக்கும் இந்தக் காவல் கட்டாயம் எண்டு சட்டம் வந்தது. 1957இல ஒரு லட்சம் ரக்ரருக்கு 17 பேர் எண்டு பிரண்டு செத்துக்கொண்டிருந்த நாட்டில 1990 ஆகேக்க அது 0.3 ஆக் குறைஞ்சுபோச்சு. அமெரிக்காவில 1976 ஒக்ரோபர் 25க்குப் பிறகு செய்த, 20 குதிரைவலுவுக்கு மேற்பட்ட பண்ணை ரக்ரரில கூலிக்கு ஆள் வைச்சு வேலை செய்யிறதெண்டால் கட்டாயம். பெல்ற்றும் சேந்தால் பிரளுற விபத்தில 99 வீதம் ஆளைக் காக்கும் எண்டு அங்கத்த தொழிற் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நயோஷ் (NIOSH) சொல்லுது. புல்லு மெசினுக்கெண்டே தனியா ஐ.எஸ்.ஓ. (சர்வதேச நியம அமைப்பு) 21299 எண்டு ஒரு நியமம் இருக்குது, இரும்பைத் தள்ளி, மேலால அமத்தி, எவ்வளவு நெளியுது எண்டு பாக்கிற சோதனை. வீட்டு முற்றத்துக்கு ஓடுற சின்ன மெசின்கள் அநேகமா இது இல்லாமல்தான் வரும், அதுக்கு வெல்டிங் கடையில பைப் வளைச்சு ஒட்டிறது காவல் இல்லை, அந்த அடிச்சட்டம் அந்த அடியைத் தாங்கக் கணக்குப் பாத்துச் செய்ததில்லை. ஆனா காவலோட வந்த மெசினில அதைக் கழட்டிறதுக்கு ஒரு நியாயமும் இல்லை. ஓட்டை போடவும் வேண்டாம், நெளிஞ்சதைச் சூடாக்கி நிமித்தவும் வேண்டாம், ஒருக்கா அடி வாங்கினால் அதின்ர வேலை முடிஞ்சுது, புதுசுதான் போடோணும்.

இப்ப சொல்லுக்கு வாறன்.

வினையில நாலு கிடக்கு. உருள், புரள், கவிழ், குடைசாய். எனக்கு ஆசை குடைசாய் எண்டதிலதான். வண்டில் காலத்துச் சொல், இண்டைக்கும் எங்கட பேப்பர்களில 'உழவு இயந்திரம் குடைசாய்ந்து சாரதி பலி' எண்டுதான் போடுவினம், வன்னியில வயல் வேலைக் காலத்தில இந்தச் செய்தி வராத வருசம் இல்லை. ஆனா இந்த மெசின்களில அந்த இரும்புக்கு மேலதான் வெயிலுக்குக் குடை பூட்டினம். 'குடைசாய்காப்பு' எண்டு எழுதினா குடை சாயாமல் பிடிக்கிற பைப் எண்டு விளங்கப்போகுது, பாரமான கவலையோட அந்தச் சொல்லை விடுறன். உருள் எண்டதில வேற சிக்கல், மைதானத்தில புல்லு மெசினுக்குப் பக்கத்தில பிச் உருட்டிற றோலர் நிக்கும், அதுக்குத் தமிழ் உருளை, அப்ப 'உருள்' எண்டு தொடங்கிற பேர் அதின்ர சாமானாப் போயிடும். புரள் எண்டா நாங்கள் வாயால சொல்லுறது பிரள், எழுத்தில எது எண்டு அதுக்கு ஒரு சண்டை வரும். கவிழ் எண்டதுக்கு இந்தக் கரைச்சல் ஒண்டும் இல்லை. வள்ளம் கவிண்டதெண்டா மயிலிட்டியிலயும் விளங்கும், லான்ட்மாஸ்ரர் (ரண்டு சில்லு உழவு மெசின்) கவிண்டதெண்டா கிளிநொச்சியிலயும் விளங்கும்.

தம்பி ஒராள் 'கவிழ்காப்பு' எண்டு எழுதியிருந்தார். நல்லாத்தான் இருக்கு, ஆனா இலக்கணம் படிச்ச ஆக்கள் உடன பிடிப்பினம். அது ஊறுகாய், சுடுகாடு மாதிரி வினைத்தொகை, கவிழுகிற காப்பு எண்டுதான் பொருள் வரும். ('உருள்தடுப்பு' எண்டதுக்கும் இதே குற்றம், உருளுற தடுப்பாப் போகுது.) ஒரு எழுத்தைக் கூட்டிக் 'கவிழ்வுக்காப்பு' எண்டு வைச்சா கவிழ்வுக்குக் காப்பு எண்டு நேராப் போகும். காப்பு எண்ட சொல்லை நான் விடமாட்டன். நூலுக்கு முதல்ல பாடுறதும் காப்பு, கோயில்ல திருவிழாவுக்குக் கட்டுறதும் காப்பு. வாற ஆபத்தை அது நிப்பாட்டுது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை, ஆபத்துக்குள்ள ஆளைக் காக்கட்டும் எண்டுதான் கட்டினம். இரும்பு செய்யிற வேலையும் சரியா அதுதான்.

பிறகு கடைசித் துண்டு. கம்பி வேண்டாம், காப்புக் கம்பி எண்டால் எலக்ரிக் வேலை செய்யிறவர் காப்பிட்ட வயரைத்தான் நினைப்பார், அதோட கம்பி எண்டாலே கழட்டி எறியிற சாமான் எண்ட எண்ணம். சட்டம் எண்டு போட்டால் 'கவிழ்வுக்காப்புச் சட்டம்' பாராளுமன்றத்தில நிறைவேத்தினது மாதிரி இருக்கு. மாஸ்ரர் சொன்ன 'சட்டப்படல்' இணைந்த கணிதத்தில நாங்கள் படிச்ச அழகான சொல், ஆனா அங்க கோல்கள் நெளியிறேல்லை எண்டு எடுத்துத்தான் கணக்குச் செய்யிறது, இதில நெளியிறதுதான் வேலையே. கட்டமைப்பு மிச்சம் அகலம். ஆனபடியா பொதுச் சொல்லுக்குச் சட்டகம், கவிழ்வுக்காப்புச் சட்டகம். ரண்டு கால், நாலு கால், முழுக் கூண்டு எல்லாத்துக்கும் அது பொருந்தும். எங்கட மெசினில நிக்கிற ரண்டு கால் இரும்புக்கு மட்டும் கவிழ்வுக்காப்பு வளை. வளைஞ்சது எண்டதால மட்டும் இல்லை, எங்கட பழைய வீடுகளில தலைக்கு மேல சுவருக்குச் சுவர் போற மரத்தை வளை எண்டுதானே சொல்லுறம், கூரையைத் தாங்கிறது. வளையைக் கழட்டி வைப்பம் எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம்.

மிச்சத்தைக் கெதியாச் சொல்லி முடிக்கிறன். நெளிஞ்ச இரும்பு உள்ளுக்க வரக்கூடாத இடத்துக்கு நியமத்தை மொழிபெயர்க்கிற ஆக்கள் 'நெளிவெல்லைக் கனவளவு' எண்டு எழுதட்டும், எங்கட குறிப்பில 'ஆளிடம்' எண்டு போட்டாக் காணும். மெசினுக்கு 'இருந்தோட்டும் புல்வெட்டி', நாங்கள் இருக்கிறது எண்டுதானே சொல்லுறம், உக்காருறது எண்டு இல்லை. பெல்ற் பெல்ற்றாவே இருக்கட்டும், 'இருக்கைப்பட்டி' எண்டு எழுதி அவசரத்தில ஒருத்தருக்கும் விளங்காமல் போகவேண்டாம்.

ஸ்ரிக்கருக்கு நான் வைச்சிருக்கிற வாசகம் இது:

கவிழ்வுக்காப்பு வளை. கழற்ற வேண்டாம், வெட்ட வேண்டாம், வெல்டிங் செய்ய வேண்டாம்.
வளை நிமிர்ந்திருந்தால் பெல்ற் போடவும்.
மரத்தின் கீழ் வளையை மடக்கினால் பெல்ற் போட வேண்டாம். வெளியே வந்ததும் நிமிர்த்தி, பிணைச்சல் பின்னைப் பூட்டவும்.
வளை மெசின் கவிழ்வதைத் தடுக்காது.

கடைசி வரியை முதலாவதாப் போடச் சொல்லி அக்கா முந்தி எழுதினதில நியாயம் இருக்கு, ஆனா முதல் வரியிலயே 'தடுக்காது' எண்டு கண்டா அப்ப ஏன் இது எண்டு கழட்டிப்போடுவினமோ எண்டு யோசிக்கிறன். அது ஒண்டுக்கு மட்டும் எல்லாரும் கருத்துச் சொல்லுங்கோ. பிறிண்ட் பண்ணக் குடுக்கிறதுக்கு முந்தி வலப்பக்கத்துக்குப் புதுக் கிளிப் ஒண்டு வாங்கிப் போடச் சொல்லியிருக்கிறன், பெல்ற்றையும் முடிச்சு அவிழாட்டி வெட்டிப்போட்டுப் புதுசுதான் மாத்தோணும், ஆர் வாங்கித் தாறது எண்டதையும் இந்த மடலிலயே பேசி முடிப்பம்.