வேட்டைக்குக் கையடக்க ஜிபிஎஸ்: காட்டில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பனிக்காலடி

சென்ற நவம்பரில் நடந்தது இன்னும் என்னை விடவில்லை. அமெரிக்காவின் கொலராடோ, ஃப்ளாட் டாப்ஸ் மலைப்பகுதி, 3,200 மீட்டர் உயரம், துப்பாக்கி வேட்டைக்கான மூன்றாவது சீசன். மாலை நான்கரைக்குப் பெண் எல்க் (பெரிய மான்) ஒன்று விழுந்தது. நானும் மைத்துனரும் தலைவிளக்கு வெளிச்சத்தில் தோலுரித்து, கால்களைப் பிரித்து, துணிப்பைகளில் கட்டி மரத்தில் ஏற்றி முடிக்க எட்டரை ஆகிவிட்டது. பனி கொட்டத் தொடங்கியிருந்தது. மதியம் 70 சதவீதம் காட்டிய கைபேசி குளிரில் செத்துக் கிடந்தது. கையில் ஜிபிஎஸ் இருக்கிறதே என்று நாங்கள் கவலைப்படவில்லை.

அது தொடுதிரைக் கருவி. கையுறையைக் கழற்றினால் விரல்களில் இரத்தமும் கொழுப்பும். திரையில் ஒவ்வொரு பனித்துளி விழுந்து உருகும்போதும் வரைபடம் தானாக நகர்ந்தது. நாங்கள் நின்ற சரிவு மறைந்து மாநிலம் முழுவதும் தெரிந்தது. சட்டையில் துடைத்தேன், கொழுப்பு மெழுகாகப் படர்ந்தது. புதுப் புள்ளி வைக்கவா என்று கருவி கேட்டது. வேண்டாம் என்பதை அழுத்த அழுத்தப் புள்ளிகள் கூடிக்கொண்டே போயின. மைத்துனர் ஒன்றும் பேசாமல் என் தோளுக்கு மேலாக அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய பற்கள் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது. வண்டி 2 கிலோமீட்டர்கூட இல்லை.

விடியும்வரை ஸ்ப்ரூஸ் மரத்தடியில் ஒருவரை ஒருவர் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். அவருடைய இடது காலில் இரண்டு விரல்கள் இன்னும் மரத்துக் கிடக்கின்றன. அவரை அழைத்துப் போனவன் நான்.

இனிப் பொத்தான் வைத்த கருவிதான். கார்மின் நிறுவனத்தின் 65எஸ் இரண்டு ஏஏ பேட்டரியில் 16 மணி நேரம் ஓடும். 67-இல் பேட்டரி உள்ளேயே இருக்கிறது, 180 மணி நேரம் என்கிறார்கள். எதை எடுப்பது? கடைக்காரர் சொல்வதெல்லாம் கேட்டாகிவிட்டது. உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

ஜிப்ஸ்லாந்து மரை

தம்பி, திரை மட்டுமல்ல, எண்களும் ஏமாற்றும். அவுஸ்திரேலியாவில் விக்டோரியாவின் கிழக்கு மலைகளில் சாம்பர் வேட்டைக்குப் போகிறேன். 1860களில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலேற்றிக் கொண்டுவந்து விட்ட மான்களின் வம்சம். நாங்கள் மரை என்போம். தமிழ்நாட்டில் கடமான், மிளா. அதன் குளம்படியைச் சேற்றில் பார்த்தால் ஊரில் நிற்பதுபோல் இருக்கும்.

டார்கோ என்ற ஊருக்கு வடக்கே ஓர் ஆகஸ்ட் காலை. எனக்கு வேட்டை பழக்கிய அண்ணை, எழுபது கடந்தவர், தனியே பள்ளத்தில் இறங்கினார். பத்து மணிக்கு வோக்கிடோக்கியில், “மரை விழுந்துவிட்டது, வா” என்று சொல்லி தான் நிற்கும் இடத்தின் ஆள்கூறுகளை, அதாவது வரைபட எண்களை, வாசித்தார். அவற்றைக் கருவியில் பதித்து நேரே போனேன். வந்து சேர்ந்துவிட்டதாகக் கருவி மணியடித்தது. நான் நின்றது இடுப்பளவு பிளாக்பெரி முட்பற்றைக்குள். மரையும் இல்லை, அண்ணையும் இல்லை. விசில் ஊதினேன். பதில் விசில் வந்தது, மெல்லிதாக, வடகிழக்கில், மலைமுதுகுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

அவர் வாசித்தது தன் பழைய காகித வரைபடத்தைப் பார்த்து. அது ஏஜிடி66 என்ற பழைய அவுஸ்திரேலிய டேட்டத்தில் அச்சானது; டேட்டம் என்பது ஆள்கூறுகளை அளக்கும் அடிப்படை. என் கருவியில் இருந்தது ஜிபிஎஸ்ஸுக்குரிய டபிள்யூஜிஎஸ்84. எண்கள் ஒன்று, இடங்கள் இரண்டு. இங்கே அந்த இடைவெளி ஏறத்தாழ 200 மீட்டர். சமதரையில் அது ஒன்றுமேயில்லை. அந்த மலையில் முதுகேறி மறுபக்கம் இறங்க எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. போய்ப் பார்த்தால் அண்ணை முழங்கால் பிசகி, மரையின் கழுத்தில் கையை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். விழுந்ததை வோக்கியில் சொல்லவே இல்லை. “நீ பதறி ஓடிவந்து நீயும் விழுந்தால்?” என்றார்.

பெரும்பாலான கருவிகளில் டேட்டத்தை மாற்றலாம். எனக்கு அது தெரியும். அன்று காலையில் தோன்றவில்லை.

ஆல்டர் காடு

பனிக்காலடி, மைத்துனரின் விரலை மருத்துவரிடம் காட்டினீர்களா? முதலில் அதைச் செய்யுங்கள்.

என் கதை சிறியது. கனடாவின் வடக்கு ஒன்டாரியோ, மூஸ் என்ற பெரிய மான் வேட்டை, மரம் வெட்டுவோர் போட்ட மண் சாலை, இருட்டிவிட்டது. பதினான்கு வயது மகன் உடன் இருந்தான். கருவியில் ‘வண்டி’ என்ற புள்ளியைத் தேர்ந்தெடுத்து அம்பு காட்டிய திசையில் ஒன்றே முக்கால் கிலோமீட்டர் நடந்தோம். போய்ச் சேர்ந்த இடத்தில் ஆல்டர் புதருக்கு நடுவே மூன்று கற்கள், நடுவில் பழைய கரி. அந்தக் கற்களை அடுக்கியவன் நான்தான், முந்தைய ஆண்டு. இரண்டு ஆண்டும் ஒரே பெயரில் புள்ளி வைத்திருக்கிறேன். “அப்பா, வண்டி எங்கே?” என்று அவன் கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. இப்போது தேதி போட்டுத்தான் பெயர் வைக்கிறேன். சீசன் முடிந்ததும் பழையவற்றை அழித்துவிடுகிறேன்.

பழைய திசைகாட்டி

பனிக்காலடி, கருவியின் மேல் பழி போடுவதை நான் ஏற்க மாட்டேன். 2 கிலோமீட்டர் தூரத்தில் வண்டி. ஒரு காகித வரைபடமும் ஒரு திசைகாட்டியும் இருந்திருந்தால் பத்து மணிக்கு இருவரும் வண்டிக்குள் சூடாக உட்கார்ந்திருப்பீர்கள். 1998-இல் மொன்டானாவில் என் ஜிபிஎஸ் ஆற்றில் விழுந்தது. திசைகாட்டியை வைத்தே வந்தேன். என் கதை அவ்வளவுதான்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். 65எஸ் வாங்குங்கள், லித்தியம் ஏஏ போடுங்கள். ஆல்கலைன் குளிரில் படுத்துவிடும். லித்தியம் மைனஸ் 40 வரை தாங்கும். போட்ட கையோடு அமைப்பில் பேட்டரி வகையை லித்தியம் என்று மாற்றுங்கள். இல்லையென்றால் கருவி மிச்ச அளவைத் தப்பாகக் காட்டும், கடைசிவரை நிறைய இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். மாற்றுப் பேட்டரி உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும். பேட்டரி மாற்றினால் மின்னணுத் திசைகாட்டியை மறுபடி சரிசெய்ய வேண்டும். பலர் செய்வதில்லை, அம்பு சுற்றுகிறது என்று புலம்புவார்கள். கருவி உண்மை வடக்கில் இருக்கிறதா, காந்த வடக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டு வடக்குக்கும் உள்ள வித்தியாசம்தான் காந்த விலக்கம்; கொலராடோவில் அது கிழக்கே 8 பாகை அளவு. அதைக் கணக்கில் எடுக்காமல் 2 கிலோமீட்டர் நடந்தால் ஏறத்தாழ 280 மீட்டர் விலகியிருப்பீர்கள்; இருட்டில் வண்டியைத் தாண்டியே போய்விடலாம். மரை சொன்ன டேட்டம் விஷயம் அமெரிக்காவிலும் உண்டு: பழைய 7.5 நிமிட (பாகையில் எட்டில் ஒரு பங்கு) அரசு வரைபடங்கள் என்ஏடி27 டேட்டத்தில் அச்சானவை, யுடிஎம் என்ற மீட்டர்க் கட்ட எண்களில் அதே 200 மீட்டர் அளவு வேறுபாடு. வரைபடத்தின் கீழ் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும், படியுங்கள். வண்டியைப் பூட்டும்போதே புள்ளியும் வையுங்கள், தடப்பதிவையும் தொடங்குங்கள். கடைசியாக, ஆபத்தில் மீட்புக்குழுவுக்குச் சைகை அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் ஒன்று வாங்கிப் பதிவு செய்யுங்கள். மாதச் சந்தா கிடையாது. பதிவு அமெரிக்காவில் நோவா என்ற அரசு அமைப்பிடம், அவுஸ்திரேலியாவில் அம்சா என்ற கடல் பாதுகாப்பு ஆணையத்திடம். மற்ற அலங்காரம் எதுவும் தேவையில்லை.

நான்குமூலை

ஐயா சொல்வதெல்லாம் வழி தவறியவருக்கு. நான் வழி தவறவில்லை. எங்கே நிற்கிறேன் என்பதுதான் வழக்கே.

வயோமிங்கின் தென்பகுதியில் நிலம் சதுரங்கப் பலகை. ரயில் பாதை போடுவதற்காக 19ஆம் நூற்றாண்டில் 640 ஏக்கர்ச் சதுரங்களை ஒன்றுவிட்டு ஒன்றாக ரயில் நிறுவனங்களுக்குக் கொடுத்தார்கள்; அவை இன்று பெரும்பாலும் தனியார் நிலம். அதனால் வரைபடத்தில் மஞ்சளாகத் தெரியும் பொதுநிலங்கள் இரண்டும் மூலையில் மட்டும் தொட்டுக்கொள்ளும். ஒரு மஞ்சளிலிருந்து அடுத்த மஞ்சளுக்குப் போக அந்த மூலையைத்தான் தாண்ட வேண்டும். மூலை என்பது ஒரு புள்ளி. நல்ல வானத்திலும் கையடக்கக் கருவிக்கு 3 மீட்டர் பிழை உண்டு.

2022 அக்டோபர், பிராங்ஹார்ன் என்ற மான் போன்ற விலங்கை வேட்டையாட உரிமம். நில உடைமை வரைபடம் ஏற்றிய கருவி மூலைக்கு வந்துவிட்டேன் என்றது. நான்கு அடி நகர்ந்தேன், அப்போதும் மூலை என்றது. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு செஜ் புதருக்கடியில் முழந்தாளிட்டுக் கையால் மண்ணைத் தள்ளித் தேடினேன். இருபது நிமிடம் கழித்துக் கட்டைவிரலில் தட்டியது: அரசு நில அளவையர் பதித்த பித்தளை மூடி, மேலே கீறிய எண்கள். அந்த நேரத்தில்தான் பண்ணை வண்டி வந்து நின்றது. ஜிபிஎஸ்ஸை நீட்டவில்லை, மூடியைக் காட்டினேன். அவர் குனிந்து நெடுநேரம் அதைப் பார்த்தார். நானும் தாண்டவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிவிட்டேன். அடுத்த சதுரத்தில் மான்கள் மேய்வது தெரிந்தது.

2021-இல் வயோமிங்கின் எல்க் மலையருகே ஏணி வைத்து மூலையைத் தாண்டிய நால்வர் மீது, அத்துமீறல் என்று நில உரிமையாளர் தொடுத்த வழக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2025 மார்ச்சில் 10ஆம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அது வயோமிங், கொலராடோ உட்பட ஆறு மாநிலங்களுக்குத்தான். மொன்டானா அதில் இல்லை. ஆகவே கருவியைவிட அதில் ஏற்றும் வரைபடத்துக்குப் பணம் போடுங்கள். போட்ட பிறகும் பித்தளை மூடியைத் தேடுங்கள்.

ஐடஹோ வீட்டிலிருந்து

நான் துப்பாக்கி தொட்டதில்லை. காத்திருப்பவள்.

பழைய திசைகாட்டி ஐயா, ‘மற்ற அலங்காரம்’ என்று எழுதினீர்களே, அதைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீங்கள் சொன்ன பீக்கன் மீட்புக்குழுவை அழைக்கும். வீட்டுக்கு ஒரு சொல்லும் அனுப்பாது. என் கணவர் ஃபிராங்க் சர்ச் வனப்பகுதிக்குள் வாரக்கணக்கில் இருப்பார். இன்ரீச் என்ற செய்தி அனுப்பும் கருவி வைத்திருக்கிறார், இரிடியம் செயற்கைக்கோள் வழியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி என் கணினியில் விழும். ஒரு மாலை அந்தப் புள்ளி ஆற்று வளைவில் நின்றுவிட்டது. அங்கே கரை செங்குத்து என்று வரைபடக் கோடுகள் சொல்கின்றன. நலமா என்று அனுப்பினேன். பதில் இல்லை. மறுபடி அனுப்பினேன். பருப்பு அடிப்பிடித்த வாசனை வந்தபோதுதான் அடுப்பு நினைவே வந்தது. இரண்டே முக்கால் மணி நேரம் கழித்து, “எல்க் கிடைத்தது, வெட்டிக்கொண்டிருந்தேன், பை மரத்தில்” என்று வந்தது. நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. விலங்கு விழுந்ததும் கத்தியை எடுக்கும் முன் ஒரு பொத்தான்: “நலம், இங்கேயே இருப்பேன்.” முன்பே எழுதி வைத்த செய்திகள் எங்கள் சந்தாவில் தனிச் செலவில்லாமல் போகின்றன.

பனிக்காலடி அண்ணா, அந்த இரவில் நடக்காமல் உட்கார்ந்தீர்களே, அதுதான் சரி. யார் என்ன சொன்னாலும். ஆனால் உங்கள் வீட்டிலும் மைத்துனர் வீட்டிலும் அன்று யார் தூங்கியிருப்பார்கள்?

ஆல்டர் காடு

இன்ரீச் வாங்குகிறவர்களுக்கு ஒன்று: ஊருக்குப் போகும்போது அதை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். இந்தியாவில் செயற்கைக்கோள் தொடர்புக் கருவியை உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் பறிமுதல், வழக்கு வரை போகும். காட்டுக்குப் போகும் பையிலேயே துணியை அடுக்கிக்கொண்டு விமானம் ஏறும் ஆள் நான். கிளம்பும் காலையில் பக்கவாட்டுப் பையில் மகன் கண்டெடுத்துக் கொடுத்தான்.

பழைய திசைகாட்டி

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். 1998-இல் ஆற்றங்கரையிலிருந்து நான் வீடு வந்து சேர இரண்டு நாள் ஆனது. என் மனைவியிடம் அந்த இரண்டு நாளைப் பற்றி இதுவரை கேட்டதில்லை.

ஆனால் காகித வரைபடத்தை விடமாட்டேன்.

பனிக்காலடி

மருத்துவரிடம் போய்வந்தோம். உணர்வு திரும்ப இன்னும் சில மாதங்கள் ஆகலாம் என்றார். மைத்துனர் இதையெல்லாம் படித்தார், ஒன்டாரியோப் பையன் “அப்பா, வண்டி எங்கே?” என்று கேட்ட இடத்தில் கைபேசியைக் கீழே வைத்துவிட்டார்.

65எஸ்ஸும் இன்ரீச் மினியும் வாங்கிவிட்டேன். 65எஸ்ஸை ஓர் இரவு முழுவதும் ஃப்ரீசரில் வைத்தேன். காலையில் கம்பளிக் கையுறையைத் தண்ணீரில் நனைத்து மாட்டிக்கொண்டு, கொல்லைப்புறத்தில் கண்ணை மூடியபடி புள்ளி வைக்கும் பொத்தானைத் தேடி அழுத்தினேன். மூன்றாவது முறையிலிருந்து தவறவில்லை. இப்போது மைத்துனர் அழுத்திப் பழகுகிறார்.

மரை அண்ணா, கேட்க மறந்துவிட்டேன். அந்த நிலையில் அவரையும் தூக்கி, மரையையும் எப்படிக் கொண்டுவந்தீர்கள்? இறைச்சி வீணாகவில்லையே?

ஜிப்ஸ்லாந்து மரை

அண்ணையை அன்றே கைத்தாங்கலாக வண்டிக்குக் கொண்டுவந்தேன். இறைச்சிக்கு மறுநாள் விடியவே திரும்பினேன், இந்த முறை அவர் வரைபடத்தின் டேட்டத்தைப் போட்டு. கருவி நேரே இறைச்சி இருந்த மரத்தடியில் கொண்டுபோய் விட்டது. ஆகஸ்ட் குளிர், ஒன்றும் கெடவில்லை. பாதியை வத்தல் போட்டோம். அண்ணையின் மனைவி வன்னிக்காரி. உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்துவிட்டு, “நாற்பது வருஷத்துக்குப் பிறகு மரை வத்தல்” என்று சொல்லிக் கையை முகர்ந்து பார்த்தார்.