கண்மாயில் குளித்த பையன், கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு

கண்மாய்க்கரை அம்மா:

போன வருஷம் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். கண்மாய், ஊருணி, ஆறு என்று பிள்ளைகள் விழுந்து குளிக்கிற ஊர்க்காரர்கள் கொஞ்சம் படியுங்கள். இதே மாதிரி பார்த்தவர்கள் இருந்தால் நீங்களும் எழுதுங்கள்.

சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர். பையனுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டால் கண்மாய்தான், இருட்டினால்தான் வீடு. பங்குனியில் ஒரு நாள் இடது கண் சிவந்திருந்தது. மெட்ராஸ் ஐ என்று நினைத்தோம். அப்பத்தா நந்தியாவட்டைப் பூவை ஒற்றி வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். மெடிக்கலில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி ஊற்றினேன். நாலே நாளில் கண் வெளுத்துவிட்டது. மருந்தை நிறுத்தியதும் மறுபடி சிவந்தது. திரும்ப ஊற்றினேன். இப்படி மூன்று தடவை. அந்த மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது.

இப்போது யோசித்தால் அது மெட்ராஸ் ஐ இல்லை என்பதற்கு எல்லாமே கண் முன்னால் இருந்திருக்கிறது. பீளை கட்டவில்லை. காலையில் இமை ஒட்டவில்லை. ஒரு கண் மட்டும்தான். ஒரே பாயில் படுக்கும் தங்கச்சிக்குத் தொற்றவில்லை. ஆனால் வெயிலில் இறங்கினால் அந்தக் கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொள்வான். நான் அதைச் சேட்டை என்று திட்டியிருக்கிறேன்.

ஒரு ராத்திரி கரண்ட் போன நேரத்தில் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். கருவிழிக்கு உள்ளே, கீழ் ஓரத்தில், நொய்யரிசி அளவில் வெள்ளையாக ஏதோ உட்கார்ந்திருந்தது. தூசி என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். அது நகரவே இல்லை.

பெரிய கண் ஆஸ்பத்திரியில், தாடையை வைத்துப் பார்க்கிற மிஷினில் டாக்டர் அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பையனிடம், “தம்பி, நீ எங்கேடா குளிப்பே?” என்றார். அவன் கண்மாய் என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார். தண்ணீரில் இருக்கிற ஒரு புழுவால் வருகிற அழற்சி, கண்ணுக்குள் கட்டி கட்டியிருக்கிறது என்றார். ஆனாலும் டி.பி.யிலும் இப்படிக் கட்டி வரலாம் என்று கையில் ஊசி போட்டு ஒரு டெஸ்டும், நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். இரண்டிலும் ஒன்றும் இல்லை.

இரண்டு சொட்டு மருந்து. ஒன்று பிரட்னிசலோன் என்கிற ஸ்டீராய்டு, முதல் வாரம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. இன்னொன்று கண்ணின் நடுவில் இருக்கிற பாப்பாவை விரித்து வைக்கிற மருந்து. இது ஊற்றினால் பக்கத்தில் இருப்பது மங்கும், புத்தகம் படிக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் படிக்கச் சோம்பேறித்தனம் என்பார்கள்.

ஒரு வாரம் கழித்துப் போனால் பெரிய முன்னேற்றம் இல்லை. டாக்டர் அம்மா மருந்து பாட்டிலைக் கேட்டு வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மேலே தண்ணீர் மாதிரி தெளிவு, அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. “குலுக்கினீங்களாம்மா?” என்றார். நான் ஒரு தடவைகூடக் குலுக்கவில்லை. மருந்தே அந்த அடிவண்டல்தானாம். ஒரு வாரமாக நான் ஊற்றியது மேல் தண்ணீரைத்தான். பாட்டில் மேல் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது, யார் பார்த்தோம்.

குலுக்கி ஊற்ற ஆரம்பித்த பிறகு மூன்று வாரத்தில் கட்டி சுருங்கிப் புள்ளியானது. கண் வெளுத்ததும் நிறுத்தக்கூடாது. ஆறு தடவை, நாலு, மூன்று என்று இறக்கிக்கொண்டே வந்து நிறுத்த இரண்டு மாதம் ஆனது. ஒவ்வொரு தடவையும் கண் அழுத்தம் பார்த்தார்கள். ஸ்டீராய்டு சில பிள்ளைகளுக்கு அழுத்தத்தை ஏற்றிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. நான் மெடிக்கலில் வாங்கி வாங்கி ஊற்றியதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

பம்புசெட் மாமா:

எங்கள் அண்ணன் மகனுக்கு இதே சமாச்சாரம், ஆனால் கண்ணுக்கு வெளியே. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளை விழி மேல் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டி. சொட்டு மருந்தில் பாதி கரைந்தது, மீதி நின்றுவிட்டது. கடைசியில் வெட்டி எடுத்துவிட்டார்கள். சாயந்திரமே வீட்டுக்கு வந்துவிட்டான். மறு வாரமே ஆற்றுக்குப் போகக் கிளம்பிவிட்டான் என்பது வேறு கதை.

சொட்டுமருந்து:

கண் ஆஸ்பத்திரியில் டெக்னீசியனாக வேலை பார்க்கிறேன். அம்மா எழுதியிருப்பதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம், பெரும்பாலும் பையன்கள். பெண் பிள்ளைகளைக் கண்மாயில் நீந்த யார் விடுகிறார்கள்.

இது நம் பக்கத்தில் ஆராய்ந்து கண்டுபிடித்த நோய். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் டாக்டர் எஸ்.ஆர்.ரத்தினம் குழுவினர் 2001-இல் ஒரே கிராமத்தில் 41 பேருக்கு வந்த கட்டிகளைப் பற்றி எழுதினார்கள். தட்டைப்புழு வகை என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். எந்தப் புழு என்பது 2016-இல் வெளியான ஆய்வில்தான் வந்தது. பிள்ளைகளின் கண்ணிலிருந்து எடுத்த கட்டியிலும், அவர்கள் குளித்த நீர்நிலைகளில் பிடித்த நத்தைகளிலும் டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தார்கள். புரோசெரோவம் வேரியம் என்று தெரிந்தது. அந்த நத்தையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், ஆணி மாதிரி நீளமாக முறுக்கிக்கொண்டு சேற்றில் கிடக்கும்.

நத்தையிலிருந்து வாலுள்ள குட்டிப்புழு தண்ணீரில் இறங்கும். அதற்கு வேண்டியது மீன், அந்த மீனைத் தின்கிற கொக்கு. மனுஷன் கண்ணில் அதற்கு ஒரு வேலையும் இல்லை, வழி தப்பி வந்தது. உள்ளே பெரிய புழுவாக வளர்வதும் இல்லை. அதை எதிர்த்து உடம்பு போடுகிற சண்டைதான் சிவப்பு, கூச்சம், கட்டி எல்லாம். அதனால்தான் நான் பார்த்த வரை பூச்சி மாத்திரை இதற்கு முக்கிய மருந்தாக இருப்பதில்லை, அழற்சியை அடக்குவதுதான் முக்கியம். கட்டி பெரிதாக இருந்தால் ஆபரேஷன் தியேட்டரில் வைத்து உறிஞ்சி எடுப்பார்கள்.

இரண்டு பிள்ளைகளின் அப்பா:

எங்களுடையது கண்மாய் இல்லை, நாய்க்குட்டி. கோயம்புத்தூர்.

மகளுக்கு அப்போது ஐந்து வயது. வலி இல்லை, சிவப்பு இல்லை. பிறந்தநாள் போட்டோவில் ஃபிளாஷ் பட்டு ஒரு கண் சிவப்பாகவும் ஒரு கண் வெள்ளையாகவும் விழுந்திருந்தது. அப்புறம் பார்த்தால் லேசாக மாறுகண். டாக்டர் முதலில் எடுத்தது கண்ணில் வருகிற புற்றுநோய்க்கான ஸ்கேன். மயக்கம் கொடுத்து உள்ளே பார்த்தார்கள். அந்த இரண்டு நாளைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

புற்றுநோய் இல்லை. ரத்தப் பரிசோதனையையும் வைத்து, டாக்சோகாரா என்றார்கள். நாய்க்குடலில் இருக்கிற உருண்டைப்புழு. முட்டை மண்ணில் விழுந்து சில வாரம் கிடந்துதான் தொற்றும் பக்குவத்துக்கு வருமாம், பிள்ளை அந்த மண்ணில் விளையாடிய கையை வாயில் வைத்தால் போதும். மலப் பரிசோதனை செய்யலாமா என்று கேட்டேன். மனுஷ உடம்பில் அந்தப் புழு முழுசாக வளர்வதில்லை, அதனால் முட்டை மலத்தில் வராது, வீண் செலவு என்றார்.

ஸ்டீராய்டு கொடுத்தார்கள். விழித்திரையைச் சவ்வு பிடித்து இழுத்ததால் ஆபரேஷனும் ஆனது. பார்வை முழுசாகத் திரும்பவில்லை, அதை மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. நல்ல கண்ணைத் தினமும் இரண்டு மணி நேரம் ஒட்டி மூடி, பழுதுபட்ட கண்ணை வேலை வாங்குகிறோம். ஒட்டும்போதெல்லாம் அழுவாள். இப்போது பொம்மைக்கும் ஒரு கண்ணை ஒட்டி வைத்திருக்கிறாள்.

நாயை விரட்டச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். விரட்டவில்லை. கால்நடை மருத்துவரிடம் கேட்டோம். குட்டி பிறந்து இரண்டு வாரத்திலேயே பூச்சி மருந்து தொடங்க வேண்டுமாம், நாங்கள் மூன்று மாதக் குட்டியை வாங்கி வந்து அப்படியே வைத்திருந்தோம். இப்போது மருந்து தேதி காலண்டரில் இருக்கிறது, கழிவைத் தினமும் அள்ளிவிடுகிறேன்.

மஞ்சப்பை:

அப்போ பிள்ளைகளைக் கண்மாய்ப் பக்கமே விடக்கூடாதா? எங்களுக்கு வீட்டில் தண்ணீர் வசதி அவ்வளவுதான்.

கண்மாய்க்கரை அம்மா:

விடாமல் இருக்க என்னால் முடியவில்லை சகோ. போர் போட்டோம், வீட்டிலேயே குளி என்றோம். குளிப்பான், அப்புறம் கரையில் போய் உட்கார்ந்துகொள்வான். சிநேகிதர்கள் கூப்பிட்டால் எத்தனை நாள் உட்காருவான் என்று எனக்குத் தெரியாதா. நத்தை அப்பிக் கிடக்கிற கலங்கல் ஓரத்தில் இறங்காதே என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்கும்போது இரண்டு கண்ணையும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுகிறேன்.

தெருவில் இது பரவி, இப்போது யார் வீட்டுப் பிள்ளைக்குக் கண் சிவந்தாலும் என்னிடம் கூட்டி வருகிறார்கள். நேற்று பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். பதறிப்போய் டார்ச்சை எடுத்தேன். இரண்டு கண்ணும் சிவப்பு, இமை நிறையப் பீளை, கூடவே அவன் அக்காவுக்கும். நிஜமாகவே மெட்ராஸ் ஐதான் போல. இருந்தாலும் மெடிக்கலில் கேட்டு எதையும் ஊற்றாதீர்கள் என்று சொல்லி டாக்டரிடம் அனுப்பி வைத்தேன். இன்றைக்குக் காலையில் இருந்து எனக்கும் கண் உறுத்துகிறது.