உறுமிக்குச் சைட்செயின் கொடுத்தால் பேஸ் மேலே வரவே மறுக்கிறது

கேள்வி (சுங்கை சிப்புட், பேராக்)

வணக்கம். எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்காக உறுமி மேளக் குழு ஒன்றின் வாசிப்பைப் பதிவு செய்து, அதனுடன் எலக்ட்ரானிக் கிக்கும் (தாளத்தின் கனத்த அடி) பேஸும் (தாழ்ந்த சுருதி ஒலி) சேர்த்து எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசையமைப்பு மென்பொருளில் பாடல் அமைத்து வருகிறேன். வேகம் நிமிடத்துக்கு 100 தட்டு. கிக் விழும்போது பேஸ் ஒதுங்குவதற்காகப் பேஸ் டிராக்கில் ஃப்ரூட்டி லிமிட்டரைக் கம்ப்ரெஸ்ஸராக (ஒலியின் அளவை அமுக்கும் கருவியாக) வைத்து, கிக்கைச் சைட்செயினாக, அதாவது அந்த அமுக்கத்தைத் தூண்டும் ஒலியாகக் கொடுத்தேன். அது ஓரளவு சரியாக வந்தது. உறுமிக்கும் அப்படியே வழிவிடச் செய்தபோதுதான் சிக்கல்: அமுங்கிய பேஸ் அமுங்கியபடியே கிடக்கிறது. போதாததற்கு, அமுங்கும் ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். அட்டாக் (அமுக்கம் பிடிக்க ஆகும் நேரம்) 0, ரிலீஸ் (அமுங்கியது மீண்டும் எழ ஆகும் நேரம்) 400 மில்லி விநாடி. எங்கே தவறு செய்கிறேன்?

பதில் (ரவாங்)

முதலில் 'டிக்' சத்தம். 50 ஹெர்ட்ஸ் பேஸ் அலை ஒரு சுற்றை முடிக்க 20 மில்லி விநாடி ஆகும். அட்டாக் 0 என்றால் அந்தச் சுற்றின் நடுவிலேயே அலையை வெட்டுகிறீர்கள், அந்த வெட்டுதான் காதில் விழுகிறது. அட்டாக்கை 5 முதல் 10 மில்லி விநாடி வரை உயர்த்துங்கள். அடுத்து ரிலீஸ்: 60,000ஐ 100ஆல் வகுத்தால் ஒரு தட்டுக்கு 600 மில்லி விநாடி, அரைத்தட்டுக்கு 300. உறுமி அரைத்தட்டுகளில் விழும்போது, 400 ரிலீஸில் பேஸ் முழுதாக எழுவதற்குள் அடுத்த அடி வந்து மீண்டும் அமுக்கிவிடுகிறது. 150 அளவில் தொடங்கிப் பாருங்கள்.

ஆனால் மூல காரணம் உறுமியின் தன்மையிலேயே இருக்கிறது. அதன் ஒரு முகத்தில் அடி விழுகிறது. மறு முகத்தில் வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் உறுமல் நீண்டு ஒலிக்கிறது. அந்த உறுமல் த்ரெஷோல்டுக்கு (அமுக்கம் தொடங்கும் ஒலி அளவுக்கு) மேலேயே நிற்கும் வரை கம்ப்ரெஸ்ஸர் பிடியை விடாது. ஆகவே புது டிராக் ஒன்றில் அடி விழும் இடங்களில் மட்டும் குறுகிய கிக் ஒலியை வைத்து, அதையே சைட்செயினுக்கு அனுப்புங்கள். நாங்கள் இதை ஊமை டிராக் என்போம். மியூட் பொத்தானை அழுத்திவிடாதீர்கள், அழுத்தினால் கம்ப்ரெஸ்ஸருக்கும் ஒலி போகாது. மாஸ்டருக்குப் போகும் இணைப்பை மட்டும் துண்டிக்க வேண்டும்.

பதில் (பாகாவ்)

ரவாங் நண்பர் சொன்ன கணக்கை ஏற்கிறேன், ஊமை டிராக்கைத்தான் ஏற்க முடியவில்லை. உறுமி மேளக்காரர்கள் மெட்ரோனோமுக்கு (சீராகத் தட்டும் தாளக் கருவிக்கு) வாசிப்பவர்கள் அல்லர். மென்பொருளின் தாளக் கட்டத்தில் வரைந்த கிக் ஓர் இடத்தில் முந்தும், இன்னோர் இடத்தில் பிந்தும். அதற்குப் பதிலாக உறுமிப் பதிவின் நகல் ஒன்றை எடுத்து, ஈக்யூவில் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவியில்) ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டால், உறுமல் பெரிதும் போய்க் குச்சி அடியின் கூர்மை நிற்கும். அந்த நகலையே சைட்செயினாகக் கொடுங்கள். அனுப்பும்போது மிக்சரில் 'சைட்செயின் டு திஸ் டிராக்' என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண ரூட்டைத் தேர்ந்தெடுத்தால் அந்த ஒலி பேஸ் டிராக்கின் வழியாகவே வெளியே கேட்கும். ரீப்பர் என்ற வேறொரு மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கு, அதன் கம்ப்ரெஸ்ஸரான ரீகாம்ப்பிலேயே இதற்கான ஃபில்டர் இருக்கிறது.

இன்னொன்று: 3 முதல் 5 டெசிபெல் வரை அமுங்கினால் போதும். கிளப் பாட்டில் 10 டெசிபெல் ஏறி இறங்குவது அழகாக இருக்கலாம். சாமி ஆடும் இடத்தில் பேஸ் அப்படி மூச்சு வாங்கினால் உறுமியின் வேகம் குலைந்ததுபோல் தோன்றும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இரண்டையும் செய்து பார்த்தேன். ஊமை டிராக் முதல் சரணம் வரை பொருந்தியது. வாசிப்பு சூடு பிடித்து வேகமெடுத்த பிறகு நழுவிவிட்டது. ஈக்யூ வெட்டிய நகல், அட்டாக் 8, ரிலீஸ் 160, ஏறத்தாழ 4 டெசிபெல் அமுக்கம் என்று வைத்ததும் பேஸ் அடிக்கு அடி எழுந்து வருகிறது, 'டிக்' சத்தமும் இல்லை. கிக்குக்கு மட்டும் பழைய சைட்செயினைத் தனி லிமிட்டரில் அப்படியே விட்டிருக்கிறேன்.