புதுப்பிப்பு: லைனில் இருந்து சூப்பர்வைசர் ஆன ஏழு பேர்

மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன்: ஓமலூர் பக்கம் எங்கள் தையல் யூனிட்டில் 240 பேர், எச்.ஆரில் நானும் இன்னொருவரும்தான்; தையல் லைனில் இருந்து சூப்பர்வைசர் ஆக்கிய ஏழு பேருக்கு எப்படிப் பயிற்சி தருவது என்று.

முழுநாள் வகுப்பை விட்டுவிட்டோம். புதன்தோறும் ஷிஃப்டுக்கு முன் அரை மணி நேரம், ஒரே ஒரு விஷயம். சட்டம் இரண்டு வாரத்தில் முடிந்தது: ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம், பாலியல் தொல்லைப் புகார் வந்தால் தானே சமரசம் பேசாமல், அதை விசாரிக்கும் உள்ளகக் குழுவுக்கு அனுப்புவது (2013 சட்டப்படி 10 பேர் வேலை பார்த்தாலே குழு கட்டாயம்).

நேரம் பிடித்தது, ஆட்களிடம் எப்படிப் பேசுவது என்பதுதான். தினம் பத்து நிமிடம் தாமதமாக வரும் ஒரு அக்காவை லைன் நடுவே வைத்துச் சத்தம் போட்ட ஒரு சூப்பர்வைசர் தம்பி, போன வாரம் அவரைத் தண்ணீர்க் கேன் பக்கம் தனியாக அழைத்து, "என்னக்கா, வீட்ல ஏதும் சிரமமா?" என்று கேட்டிருக்கிறார். வாழப்பாடியில் இருந்து வரும் பஸ் நேரம் மாறிவிட்டதாம். ஷிஃப்டைக் கால் மணி தள்ளிக் கொடுத்தோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏழு பேரில் ஒருவர் மெஷினுக்கே திரும்புகிறேன் என்றார். சம்பளத்தைக் குறைக்காமல் அனுப்பினோம். அதைத் தோல்வியாக நான் எண்ணவில்லை. அவர் தைக்கும் காலர் அப்படி இருக்கும்.