நீரிழிவுக்குக் காரணம் நம் வாயா, நாம் வாழும் ஊரா?

கரும்போரத்தான் (ஃப்ளாக்):
போன ஞாயிறு எங்கள் ஃப்ளாக் ஊர்க் கோவிலில் ரத்தச் சர்க்கரை பார்க்கும் முகாம் வைத்தார்கள். எனக்கு நீரிழிவு இருக்கிறதாம். ‘தினமும் அரை மணி நேரம் நடங்கள், சோற்றைக் குறையுங்கள்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சரி, எங்கே நடப்பது? எங்கள் ரோட்டில் நடைபாதையே கிடையாது. ஒரு பக்கம் கரும்பு, மறுபக்கம் வாய்க்கால், நடுவில் பஸ்ஸும் லாரியும். மொரீஷியஸில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த நோய். இத்தனை பேருக்கும் சொல்லிவைத்தாற்போல நாக்கு கெட்டுவிட்டது என்றால் நான் நம்பமாட்டேன்.

கியூர்பிப் கிழவன்:
தம்பி, கோபித்துக்கொள்ளாதே. ரோடு வந்தா உன் வாயில் டால் பூரியைத் திணித்தது? என் பாட்டி எழுபது வயது வரை கரும்பு வெட்டினாள். எஸ்டேட் வீட்டில் ஒரே அறைக்குள் எட்டுப் பேர். அவளுக்குச் சர்க்கரை நோய் என்ற பேரே தெரியாது. இடம்தான் நோய் தரும் என்றால் முதலில் அவளுக்கல்லவா வந்திருக்கவேண்டும்? இன்னொன்று, நம் ரத்தமும் அப்படி. இந்தியர்களுக்கு இது சீக்கிரம் வரும்.

ரோஸ் ஹில் ராணி:
ஐயா, உங்கள் பாட்டியைச் சாட்சிக்குக் கூப்பிட்டீர்கள், அவர் எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டார். உடம்பைக் குறைக்கவா கரும்பு வெட்டினார்? வெட்டாவிட்டால் கூலி இல்லை. அன்றைய காடு அவரை நடக்கவைத்தது, இன்றைய ரோடு நம்மை உட்காரவைக்கிறது. (பேர் தெரியாததால் நோய் இல்லை என்றும் ஆகாது. அந்தக் காலத்தில் யார் சோதித்துப் பார்த்தார்கள்?)

ரத்தக் கதைக்கு வருகிறேன். 1987இல் தீவு முழுக்கச் சோதித்தபோது இந்திய வம்சத்தார், ஆப்பிரிக்க வம்சக் கலப்புள்ள கிரியோல், சீனர் என்று எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் நீரிழிவு இருந்தது. முப்பாட்டன்மார் வந்த நாடு வேறுவேறு. இப்போது ஏறும் பஸ்ஸும் வாங்கும் கடையும் ஒன்று.

அதே சமயத்தில் நடந்த ரேஷன் எண்ணெய்க் கதை உங்கள் வயதுக்கு நினைவிருக்கும். அதுவரை அதில் பெரும்பாலும் பாமாயில். அரசு அதைச் சோயா எண்ணெயாக மாற்றியது. 1987இல் லிட்டருக்கு 5.5 மில்லிமோல் இருந்த சராசரி கொலஸ்ட்ரால் 1992இல் 4.7. அதே கடை, அதே வாணலி, அதே கடோ பிமா மிளகாய் வடை. நாக்கை யார் அடக்கினார்கள்?

கியூர்பிப் கிழவன்:
நினைவிருக்கிறது அம்மா. பாதியைத்தான் சொன்னாய். அந்த ஐந்து வருடத்தில் பிரசாரமும் நடந்தது, சிகரெட்டை விட்டவர்களும் உண்டு. அது அவரவர் மனசு வைத்து விட்டது. அப்புறம், கொலஸ்ட்ரால் இறங்கிய அதே வருடங்களில் உடம்பு பெருத்தவர்கள் கூடினார்கள். அரசு எண்ணெயைத்தான் மாற்றும். தட்டில் எவ்வளவு போட்டுக்கொள்வது என்பதுமா அதன் வேலை?

போர்ட் லூயிஸ் வாத்தியார்:
இதை நீங்கள் கியூர்பிப்பில் உட்கார்ந்து சொல்வதுதான் வேடிக்கை. உங்கள் ஊர் வளர்ந்த கதை என்ன? 1866-68இல் போர்ட் லூயிஸில் மலேரியா ஊரையே வாரிக்கொண்டு போனது. வசதியுள்ளவர்கள் அப்போதுதான் புதிதாகப் போட்டிருந்த ரயிலில் ஏறி, குளிரான மேட்டுக்குப் போய் வீடு கட்டினார்கள். கூலிக்காரன் கீழேயே கிடந்தான். மேலே போனவனுக்கு மனக்கட்டுப்பாடு அதிகமா, கையில் காசு அதிகமா?

கியூர்பிப் கிழவன்:
நல்லாயிருக்கிறது வாத்தியாரே, என் ஊரையே எனக்கு எதிராகத் திருப்பிவிட்டீர்கள்! மலேரியா கொசுவால் வந்தது. மருந்தடித்தோம், தண்ணீர் தேங்காமல் பார்த்தோம், 1973இல் ஒழிந்தது என்றார்கள்.

போர்ட் லூயிஸ் வாத்தியார்:
1975இல் ஜெர்வேஸ் புயல் அடித்தது, மலேரியா திரும்பி வந்தது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கியூர்பிப் கிழவன்:
வந்தது, மறுபடியும் விரட்டினோம். அலூடா என்கிற இனிப்புப் பாலுக்கு யார் மருந்தடிப்பது? 2013 முதல் இனிப்புப் பானத்துக்குச் சர்க்கரையின் கிராம் கணக்கில் வரி இருக்கிறது. என் பேரன் ஒரு வேளைக்கு இரண்டு பாட்டில் குடிக்கிறான். வரியையும் நான்தான் கட்டுகிறேன்.

ரோஸ் ஹில் ராணி:
பாட்டில் உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிறதா, தபாஜிப் பெட்டிக்கடையிலா?

கியூர்பிப் கிழவன்:
ஃப்ரிட்ஜில்தான். சரி, புரிகிறது.

கரும்போரத்தான் (ஃப்ளாக்):
பெரியவர்களே, நீங்கள் பேசி முடிப்பதற்குள் எனக்கு மருந்து இரட்டிப்பாகிவிடும். நாளைக் காலை நான் எங்கே நடக்க?

கியூர்பிப் கிழவன்:
கோவில் பிராகாரத்தைச் சுற்று தம்பி. லாரி கிடையாது, புண்ணியமும் உண்டு. மூன்று சுற்றோடு நிறுத்தாமல் முப்பது சுற்று.

கரும்போரத்தான் (ஃப்ளாக்):
கோவில் ஆறு மணிக்குத்தான் திறக்கும் ஐயா. எனக்கு ஐந்தரைக்கு பஸ்.

ரோஸ் ஹில் ராணி:
பூசாரியிடம் வெளிவாசல் சாவி கேட்டுப் பாருங்கள் தம்பி. எங்கள் கோவிலில் பெண்கள் நாலைந்து பேராகப் போய்க் கேட்டோம், கொடுத்தார்கள்.